கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, பின்சக்கரத்தில் ஒரு சத்தத்தோடு

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து சிதம்பரம் மேலவீதியில் மாமனார் வீட்டு வாசல் வரை சரியாக 46 கிலோமீட்டர். நில அளவை வேலை பார்ப்பவன், அளக்காமல் இருக்க முடியாது. பஸ்ஸிலேயே ஒன்றே கால் மணி நேரத்தில் போய்விடும் இந்த ஊருக்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள், ஏழு மாத கர்ப்பிணி மனைவியைப் பின்சீட்டில் உட்கார வைத்து, பதினைந்து வருடப் பழைய காரில், பின்னாலிருந்து 'கடக் கடக்' என்று ஒரு சத்தத்தோடு ஓட்டிப் பார்க்கட்டும். பிறகு பேசுவோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சுகன்யாவுக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். வாடகைக் கார் பேசலாம் என்று மாமனார் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நம்ம வண்டி இருக்கறப்ப எதுக்கு மாமா?" என்று நான்தான் வீறாப்பாகச் சொன்னேன். சரி என்று அவர் தலையாட்டிவிட்டார். கல்யாணமாகி நாலு வருடத்தில் எங்கள் வீட்டு ஆறிப்போன காபியைக்கூட அவர் குறை சொன்னதில்லை.

சத்தம் முதலில் கேட்டது அதற்கு ஒரு வாரம் முன்பு. வளைகாப்புக்கு நாள் பேச வந்த மாமாவையும் அத்தையையும் திருவந்திபுரம் கோயிலுக்கு அழைத்துப் போய்த் திரும்பும்போது, ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் வலதுபுறம் ஒரு 'கடக்'. மறுநாள் தனியாக ஓட்டினேன், சத்தம் இல்லை. செவ்வாய்க்கிழமை கடலூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் தனியாக நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார், ஸ்டெப்னி லூசா கெடந்துது" என்று அதை முடுக்கிக் கொடுத்தார். 150 ரூபாய். நானும் நிம்மதியாக நம்பினேன். நம்புவதற்குத் தோதான பதில்தானே!

ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அம்மா விரட்டியதில் 3.40க்கு வண்டியை எடுத்தேன். அத்தையும் மற்ற உறவினர்களும் முன்பே வேனில் போய்விட்டார்கள். எப்போதும் முன்சீட்டில் உட்காரும் மாமா, "நான் பொண்ணு கூட பின்னால ஒக்காந்துக்கறேன்" என்று சொல்லி, சுகன்யாவை இடதுபுறம் ஏற்றிவிட்டு, சுற்றி வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். காலியான முன்சீட்டில் சீர் தட்டுகளையும் பலகாரக் கூடையையும் வைத்தோம். மகளைப் பிரிந்திருந்த பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓல்டு டவுன் தாண்டுவதற்குள்ளேயே கடக்.

"ஏங்க, பின்னால இன்னாமோ சத்தம் வருதே" என்றாள் சுகன்யா.

"உன் வளையல்தான்" என்றேன். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பாவம், அவள் கையை மடியில் வைத்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த பள்ளத்தில் மறுபடியும் கடக். இம்முறை ரேடியோவைப் போட்டேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பாதி வழியில் நின்றால் மாமா முன்னால் என் மரியாதை என்ன ஆகும் என்பதுதான் அந்த நிமிடத்தில் என் கவலை. கண்ணாடியில் பார்த்தேன். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், கை மட்டும் கதவின் மேல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஆலப்பாக்கம் தாண்டி 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைத்தேன். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே முந்தின. புதுச்சத்திரத்துக்குப் பிறகு சத்தத்தோடு லேசான ரப்பர் வாடை. சக்கரம் கழன்று வண்டி வயலுக்குள் உருள்வதுபோல மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. வழியெல்லாம் பட்டறைகளின் ஷட்டர் இறங்கியிருந்தது.

பி.முட்லூரில், பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலையோரம் ஒரே ஒரு பட்டறை திறந்திருந்தது. 4.50க்கு ஓரங்கட்டினேன். பட்டறைக்காரர் நசீர் பாய், ஐம்பது வயதிருக்கும். பதினாலு வருடம் வளைகுடாவில் கார் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு, அதனால் ஞாயிறு திறந்திருக்கிறார். எனக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

மாமாவுக்கு ஒரு நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். சுகன்யாவை பாயின் மனைவி பின்புறம் இருந்த வீட்டுக்குள் அழைத்துப் போனார். பாய் தனியாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தார்.

"சத்தமே இல்லையே தம்பி."

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். ஆட்டமில்லை. பேரிங்கும் நன்றாக இருந்தது. எனக்கு அழுகை வரும் நிலை. இவரும் ஸ்டெப்னியை முடுக்கி அனுப்பிவிட்டால்? பாய் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சத்தம் வரக்குள்ள வண்டில யார் யார் இருந்தீங்க? எங்கெங்க ஒக்காந்திருந்தீங்க?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. திருவந்திபுரத்திலும் மாமா பின்னால்தான், வலதுபுறம்தான். அன்று முன்சீட்டை அத்தைக்குக் கொடுத்திருந்தார்.

"அப்ப அவரெ ஏத்துங்க. வெயிட் இருந்தாதான் அது வாயத் தொறக்கும்."

மாமா 98 கிலோ. மாமனாரிடம் போய், உங்கள் எடை வேண்டும், கொஞ்சம் வந்து உட்காருங்கள் என்று எந்த மாப்பிள்ளை சொல்லுவான்? வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நான் நின்றேன். மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தானே எழுந்து வந்தார்.

"எங்க, அதே எடத்துலதானே?" என்று ஏறிக் கதவைச் சாத்தினார்.

பட்டறை முன்னால் இருந்த வேகத்தடை மேல் நான் மெல்ல ஏற்றி இறக்கினேன். பாய் குனிந்தபடியே பின்சக்கரத்தோடு நடந்து வந்தார். கடக். "நிறுத்துங்க, அப்படியே நிறுத்துங்க!" டார்ச் அடித்துக் கீழே படுத்துப் பார்த்தார்.

"ஸ்பிரிங்கோட அடிச்சுத்து, கீழ் வளையம், ஒடஞ்சிருக்கு. ஆள் இல்லன்னா ஸ்பிரிங் நிக்கிற கிண்ணத்துல ஒழுங்கா ஒக்காந்துக்குது, கண்ணுக்கே தெரியாது. வெயிட் ஏறினா நழுவி, ஒடஞ்ச முனை டயர உரசுது. வந்து பாருங்க."

டயரின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு கோடு. என் நகம் முழுசாக உள்ளே போனது.

"இன்னும் எவ்ளோ தூரம் தாங்கியிருக்கும் பாய்?"

"அல்லா காப்பாத்தினான். அத கேக்காதீங்க தம்பி."

அப்போதுதான் மாமா வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னார். "திருவந்திபுரத்துலயே எனக்குக் கேட்டுது மாப்ள. இந்தப் பக்கம்தான் கேட்டுது. அதான் அவள அந்தப் பக்கம் ஒக்கார வெச்சேன்."

"சொல்லியிருக்கலாமே மாமா!"

"மாப்ள வண்டிய நாம எப்டி கொற சொல்றது? வாடக வண்டின்னு சொல்லிப் பாத்தேன், நீங்க நம்ம வண்டின்னுட்டீங்க."

பாய் வீட்டு வாசலில் வளையல் சத்தம். சுகன்யா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"நல்லா இருக்கு. அவுருக்கு நீங்க மரியாதெ, ஒங்களுக்கு அவுரு மரியாதெ. நடுவுல என் வயித்துல இருக்கறத யாரு பாக்கறது? நான் கேட்டப்ப வளையல்னீங்க!" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். என்னை மன்னித்துக்கொள் என்று அவளிடம் சொல்லவே எனக்கு அன்று சிதம்பரம் வரை ஆனது.

ராகு காலம் முடியட்டும் என்று ஆறு மணி வரை பாய் வீட்டிலேயே இருந்துவிட்டு, மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். 400 ரூபாய். மறுநாள் பாய் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் மாற்றினார். உதிரிப் பாகம் 2,700, கூலி 900, ஒரு புது டயர் 3,400.

இந்தச் சாலையில் பழைய வண்டி எடுத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆள் ஏறினால் மட்டும் சத்தம் வருகிறதென்றால், அந்த ஆளையும் பட்டறைக்கு அழைத்துப் போங்கள், அது யாராக இருந்தாலும். ஒரு பக்க ஸ்பிரிங் உடைந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், வெளிப்பக்கம் பளபளவென்றுதான் இருக்கும். பின்சீட்டில் இருப்பவர் சத்தம் என்று சொன்னால் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

நேற்று சுகன்யாவைப் பார்க்கச் சிதம்பரம் போயிருந்தேன். நன்றாக இருக்கிறாள். என்னோடு முன்போல் பேசுகிறாள், வளையல் என்ற சொல்லை மட்டும் நான் தவிர்த்துவிடுகிறேன். கிளம்பும்போது மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, யாரும் கூப்பிடாமலே பின்பக்கம் வலதுபுறம் ஏறி உட்கார்ந்தார்.

"வீதிய ஒரு சுத்து ஓட்டுங்க மாப்ள. கேட்டுட்டுச் சொல்றேன்."

நாலு வீதியும் சுற்றி வந்தோம். வாசலில் நிறுத்தியதும் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் குனிந்தார். வார்த்தையைத் தேடுகிறவர்போலத் தயங்கி, பிறகு சொல்லியே விட்டார்.

"பிரேக் புடிச்சா கீச்சுனுது. எனக்குப் புடிக்கல."

நாலு வருடத்தில் என் வீட்டைப் பற்றியோ என் வண்டியைப் பற்றியோ அவர் சொன்ன முதல் குறை. வீட்டுக்கு நேராகப் போகாமல் பி.முட்லூரில் பாய் பட்டறைக்கு வண்டியைத் திருப்பினேன்.