பூர்மகானின் சேற்றுப் பங்கு

கூட்டுப்பண்ணை கலைந்து நிலத்தைப் பங்கு பிரித்தபோது ஊரே கோதுமை மண்ணுக்கு அடித்துக்கொண்டது. பூர்மகான் மட்டும் மலையடிவாரத்துச் சேற்றைக் கேட்டு வாங்கினாள். கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும் சதுப்பு. அதில் நாணலும் தவளையும்தான் விளைச்சல். பங்கு பிரிக்க வந்தவர் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். அன்றிலிருந்து அவளுக்குத் 'தவளைக்கு மாமியார்' என்று பெயர்.

புது மருமகளாக வந்த வருஷம் அவள் சதுப்புக்கு மேலே, ஓடையில் கம்பளி அலசினாள். அழுக்கெல்லாம் ஊருக்குள் போய்விடும், மாமியார் தோலை உரித்துவிடுவாள் என்று பயந்து கீழே ஓடிப் பார்த்தால், அழுக்கையெல்லாம் சேறு பிடித்து வைத்துக்கொண்டு, சதுப்பின் கீழ்க்கரையில் ஊற்று கண்ணாடி மாதிரி வந்துகொண்டிருந்தது. ஊர் குடிப்பதும் அந்த ஊற்றைத்தான். அதை அவள் மறக்கவே இல்லை.

பெருங்கொக்கு முட்டையிடும் மாதத்தில் நாணல் அறுக்க அரிவாளோடு வந்தவர்களை நாக்காலேயே விரட்டினாள். கணவன் இறந்த பிறகு நாக்கு இன்னும் கூர்மையானது. மேலே மலையில் ஆடுகளைச் சிரங்கு மருந்தில் முக்கும் தொட்டி இருக்கிறது. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் முக்கி முடித்ததும் மருந்தை ஓடையில் திறந்துவிடுவார்கள். மற்ற எதற்கும் சண்டைக்கு நிற்பவள் இதற்கு மட்டும், "திறந்துவிடுங்க, என் சேறு முழுங்கிக்கும்" என்று பெருமையடிப்பாள். அந்தப் பெருமையைத்தான் பிறகு நினைத்து நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

இந்தக் கோடையிலும் கொழுந்தன் அசனாலியின் மந்தையோடு மேய்ச்சல் மலைக்குப் போயிருந்தாள். மருமகள் நூர்சாத்துக்குப் பிரசவம் என்று தகவல் வந்து, எல்லாருக்கும் முன்னால் தனியாக இறங்கினாள். வந்து பார்த்தால் சதுப்பின் நடுவே, ஓடையிலிருந்து ஊற்றுப் பக்கம்வரை நேர்கோடாக ஒரு வாய்க்கால். இரண்டு பக்கமும் மண் கறுத்து வெடித்துக் கிடந்தது. ஒரு தவளைச் சத்தம் இல்லை.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"குட்டியோட என் குதிரை செத்துச்சே இந்தச் சேத்துல, அப்ப எங்க போன நீ?" என்றான் மகன் மெதெர்பெக். "வர்ற வசந்தத்துல இங்க உருளைக்கிழங்கு போடறேன். தவளையையா வறுத்துத் திங்கறது?"

"மேல மருந்துத் தொட்டி இருக்குடா, பாவி!"

"அது நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து இருக்கு. யாருக்கு என்னம்மா ஆச்சு?"

 ஊரையெல்லாம் விரட்டியவளின் வீட்டிலேயே மகன் வாய்க்கால் வெட்டிவிட்டான் என்று யாரிடம் சொல்வது? சிரிப்பார்களே. அசனாலி இறங்குவதற்குள் மண்ணைத் தள்ளி மூடிவிடலாம் என்று தினமும் மண்வெட்டியோடு போனாள். வயசான உடம்பு. வாய்க்கால் அப்படியே இருந்தது.

பேரனுக்கு நாற்பதாம் நாள் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, ஊற்றுத் தண்ணீரை நாற்பது கரண்டி எண்ணி ஊற்றிக் குழந்தையைக் குளிப்பாட்டும் நாள். விடிந்ததும் மேலேயிருந்து ஆடுகளின் சத்தம் கேட்டது. மந்தை முந்தின நாளே இறங்கிவிட்டிருந்தது. இன்றைக்கே தொட்டியைத் திறந்துவிடுவார்கள் என்று பூர்மகானுக்குத் தெரிந்தது. குளியலுக்குள் வந்துவிடுகிறேன் என்று மருமகளிடம் சொல்லிவிட்டு மலையேறினாள்.

கடைசி ஆடு உடம்பை உதறிக்கொண்டு தொட்டியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"அசனாலி, இன்னிக்குத் திறக்காத."

"அண்ணி, மத்தியானம் அடுத்த மந்தை வருது. பழச எங்க ஊத்தறது, என் தொப்பியிலயா?" ஆட்கள் சிரித்தார்கள். அவன் குனிந்து அடைப்பைப் பிடுங்கினான். "உங்க சேறுதான் எல்லாத்தையும் முழுங்கிடுமே!"

"சேறு இல்ல, தம்பி. மெதெர் வாய்க்கா வெட்டிட்டான்."

அசனாலியின் சிரிப்பு நின்றது. அடைப்பை மறுபடி திணித்துப் பார்த்தான், நிற்கவில்லை. தொட்டி பாதி காலியாகிவிட்டது. "நேத்தே ஆள் அனுப்பிச் சொல்லக் கூடாதா அண்ணி?"

அவள் பதில் சொல்ல நிற்கவில்லை. ஓடினாள். பக்கத்தில் ஓடை பால் மாதிரி வெளுத்து அவளோடு கூடவே இறங்கியது. வளைவில் மூச்சு வாங்க நின்றாள், தண்ணீர் நிற்கவில்லை. வாய்க்காலுக்கு வந்தபோது கைக்குக் கிடைத்த மண்கட்டியையெல்லாம் உள்ளே தள்ளினாள். அதைச் சுற்றிக்கொண்டு வெள்ளைத் தண்ணீர் ஊற்றை நோக்கி ஓடியது. சின்ன மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. ஊற்றுக்கு அடுத்த முதல் வீடு அவளுடையது.

முற்றத்தில் மெதெர்பெக் விருந்துக்கு இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தான். உள்ளே பெண்கள் ஒரே குரலில் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"இருபத்தி ரெண்டு... இருபத்தி மூணு..."

"வாங்க அக்கா, நீங்க வராம ஆரம்பிச்சிட்டோம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "வாளியில தண்ணி பத்தல, இப்பத்தான் இன்னொண்ணு மொண்டு வந்தோம். அதுல பால் விட்டது யாரு, நீங்களா?"

குழந்தை உதட்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

பூர்மகான் கரண்டியைத் தட்டிவிட்டாள். பேரனை வாரி எடுத்துத் தன் தலைத்துணியை அவிழ்த்து வாயையும் கண்ணையும் துடைத்தாள். "மெதெர், வண்டிய எடுடா! ஆஸ்பத்திரிக்கு!" என்று அலறினாள். "யாராவது நல்ல தண்ணி கொண்டாங்க, புள்ளயக் கழுவணும், சீக்கிரம்!"

நூர்சாத் வாளியைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்கு ஓடினாள்.