ஒரு பொம்மைகூட உடையவில்லை

பத்து வயதில் எனக்குப் பக்தி முற்றிவிட்டது. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு எப்போதும் எனக்குத்தான் முதல் பரிசு. நான் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தால் பெரியவர்களே வாய் பார்ப்பார்கள். எனக்கு இருந்த ஒரே குறை, சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னதில்லை என்பதுதான்.

எங்கள் சபையில் ஆராதனை முடிவதற்கு முன் கால் மணி நேரம் சாட்சிக்கு என்றே ஒதுக்குவார்கள். அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஒருவருக்கு மூட்டுவலி நின்றிருக்கும். மங்கலம்பேட்டையிலிருந்து வருபவரின் மகனுக்கு துபாய் விசா வந்திருக்கும். சொல்லி முடித்ததும் எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்வார்கள். எனக்கோ வாரம் முழுக்க ஒன்றுமே நடக்காது. சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன், தூங்கினேன் என்று மைக்கைப் பிடித்துச் சொல்ல முடியுமா?

அம்மாவுக்கு விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைத்து, சூளையில் அடுக்குவாள். அந்த வாரம் ஆர்டர் அவசரம் என்று முதலாளி சூளை ஆறும் முன்பே கதவைத் திறக்கச் சொல்லிவிட்டார். குளிர்ந்த காற்று பட்டதும் பாதிப் பொம்மைகள் விரிசல் விட்டன. காது போன யானை ஒன்றை அம்மா எனக்கு விளையாடக் கொண்டுவந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தேன். சூளை கெட்டுப்போகும் என்று அம்மா பயந்து அழுததாகவும், நான் முழங்காலில் நின்று ஜெபித்ததாகவும், கதவைத் திறந்தபோது ஒரு பொம்மைகூட உடையவில்லை என்றும் சொன்னேன். குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் சரியாகத் தழுதழுத்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பெண்கள் எல்லாரும் திரும்பி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுத் தலை குனிந்திருந்தாள். ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம்தான் கேட்டாள்.

"ஏன் பாப்பா அப்புடி சொன்ன?"

"கர்த்தருக்கு மகிமைதானம்மா."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அடுத்த தெருச் சித்தி வாசலில் காத்திருந்தாள். உறவுமுறை ஒன்றுமில்லை, ஒரே சபை, அதனால் சித்தி. இடுப்பில் அவளுடைய இரண்டு வயதுப் பையன். அவனுக்கு இதயத்தில் ஓட்டை. வியாழக்கிழமை ஆபரேஷனுக்குப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கத்தி என்றாலே அவளுக்கு நடுக்கம். "உன் ஜெபத்த கர்த்தரு கேக்குறாரு பாப்பா. இவன் மேல கை வச்சி ஜெபம் பண்ணு" என்றாள்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கை வைத்து, பாஸ்டர் செய்வதைப் போலவே சத்தமாக ஜெபித்தேன். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஆறு மணிக்கு அம்மா வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். "சித்தி இனிமே ஆஸ்பத்திரிக்கே போவ மாட்டாங்களாம்மா. என் ஜெபமே போதுமாம்."

அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் காய்ந்திருந்த வெள்ளை மண்ணோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வா. போயி நெசத்த சொல்லு."

நான் அழுதேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன், அதை மட்டும் சொல்லச் சொல்லாதே என்று கெஞ்சினேன். வழியில் ஓர் இடத்தில் தெருவிலேயே உட்கார்ந்தும் பார்த்தேன். அம்மா திட்டவில்லை. நான் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். "நீதான் சொல்லணும். நான் கூடவே நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

சித்தி பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். பாதிப் பொம்மைகள் உடைந்துபோயின, நான் ஜெபிக்கவே இல்லை என்றேன். அவள் கை அப்படியே நின்றது.

"அப்போ இன்னிக்கி பண்ண ஜெபம்?"

எனக்குத் தெரிந்த வசனங்களில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. அம்மா தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஜெபத்த நாம வுட வேணாம்மா. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போவாம இருக்காத. நான் லீவு போட்டுட்டு கூட வரேன்." சித்தி பையனை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். நாங்கள் கிளம்பும்வரை என் முகத்தை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்கு அதுதான் அடியைவிட வலித்தது.

வியாழக்கிழமை விடியும் முன்பே அம்மா அவளோடு பாண்டிச்சேரி பஸ் ஏறினாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்தப் பையன் இன்று கல்லூரிக்குப் போகிறான், ஊரே பயப்படும் வேகத்தில் வண்டி ஓட்டுகிறான்.

சபையிலும் சொல்ல வேண்டும் என்றாள் அம்மா. இந்த முறை நான் அழவில்லை. உண்மையைச் சொன்னால், ஆவலாகவே இருந்தேன். மனந்திரும்புதலுக்குச் சபையில் என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் விம்முவது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன்.

ஞாயிறு வந்தது. நான் எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். மைக்கைக்கூட வாங்கவில்லை.

"போன வாரம் எம் பொண்ணு சொன்னது பொய்யிங்க. பக்கத்துல இருந்த எனக்கு அப்பவே தெரியும். எல்லாரும் என்னயப் பாத்து சிரிச்சீங்க. அது எனக்கு நல்லா இருந்துச்சி. அதான் வாயத் தொறக்கல. என்னால ஒரு புள்ளயோட உசுரு போயிருக்கும்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. பிறகு நான் எழுந்தேன். பழகி வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "ஆமா, பொய் சொன்னேன்" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நல்ல சாட்சியை என்னிடமிருந்து தட்டிப் பறித்துவிட்டாள் என்று அவ்வளவு கோபம்.