சாக்பீஸில் எழும்பிய எண்

"ஏனுங்க, துணிக்குக் கோடு போடற புள்ளைக்கு இன்ஜின் வயசு தெரியுமாக்கும்?" என்று என்னைக் காட்டி அப்பாவிடம் கேட்டார் வெளியூர்த் தரகர்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான்; அதனால் எதை வாங்கினாலும் அப்பா என்னைத்தான் பார்க்கச் சொல்வார். மின்வெட்டு நேரத்தில் எங்கள் பனியன் மெஷின்களை ஓட்டுவதற்காகப் பழைய கார் இன்ஜின் ஒன்றைத் தரகர் கொண்டுவந்திருந்தார். "அஞ்சு வருசந்தானுங்க ஆச்சு. இன்ஜின் நம்பரே சொல்லுமுங்க," என்று சொல்லி, ஓட்டியும் காட்டினார்.

அப்பாவின் முகம் மாறியது. "இந்த இருமலை எங்கயோ கேட்டிருக்கறேன் கண்ணு," என்றார் மெதுவாக.

இன்ஜினை நிறுத்தச் சொல்லி, எண் இருந்த இடத்தை மண்ணெண்ணெயால் கழுவினேன். துணி வெட்டக் கோடு போடும் சாக்பீஸைத் தேய்த்து, மேலாகத் துடைத்தேன். புது எண்களுக்கு அடியில், அரத்தால் ராவியும் அழியாத வேறு எண்கள் வெள்ளையாக எழும்பி வந்தன. முதல் நான்கைப் படித்தேன். மீதியைப் பார்க்காமலே சொன்னேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு குண்டடத்துக்குச் சவாரி போன என் அண்ணனும் அவனுடைய எட்டு வருடப் பழைய வாடகைக் காரும் திரும்பவேயில்லை. போலீசுக்குக் கொடுத்த மனுக்களிலெல்லாம் அந்த எண்ணை எழுதியவள் நான்தான்.

"இதுக்குப் பதினோரு வயசுங்க," என்றேன். தரகர் கையெடுத்துக் கும்பிட்டார். "பழைய இரும்புக் கடையில வாங்குனதுங்க அம்மிணி. சத்தியமா வேற தெரியாதுங்க."

இப்போது யார் சொல்லும் வயதையும் நான் நம்புவதில்லை, தேய்த்துப் பார்த்துவிடுகிறேன். அன்றைக்கே அந்த எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் படியெடுத்து, தரகர் சொன்ன கடையின் விலாசத்தோடு புது மனு எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன்.