மூன்றாவது உலையும் மேல்வீடும்

கடலோர ஊரான ஆங்க்ராவில் இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. மூன்றாவது, வால்டெசீருக்கு மீசை அரும்பிய காலத்திலிருந்தே பாதியில் நிற்கிறது. கட்டுவார்கள், நிறுத்துவார்கள், ஆட்சி மாறினால் மறுபடி தோண்டுவார்கள். சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால்! வால்டெசீர் அங்கே கம்பி கட்டுகிறவர். கட்டுமானம் நிற்கும் காலங்களில், காங்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைக் கடற்காற்று தின்றுவிடாதபடி வர்ணம் பூசுவதுதான் அவருடைய வேலை.

அவர் வீட்டு மொட்டை மாடியிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மகள் ரோசிலேனிக்கு மேல்வீடு கட்ட. "உலை வேலை தொடங்கட்டும், மறுநாளே செங்கல் இறக்குறேன்" என்று அவள் கல்யாணத்தில் சத்தியம் செய்த மனிதர். இப்போது அவள் நிறைமாதம். மருமகன் பிழைப்புத் தேடி தொலைவிலுள்ள மக்காயே ஊரின் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போய்விட்டான். உலையைக் கட்டுவதா, கைவிடுவதா என்று வெள்ளிக்கிழமை தலைநகரில் கூட்டம். கட்டுவதென்றால் அவனும் இங்கேயே வேலைக்கு வந்துவிடுவான். இல்லையென்றால் ஞாயிறன்று அவள் அவனிடம் போக பஸ் ஏறுவாள்.

வெள்ளி முழுக்க வால்டெசீருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காப்பி ஆறியது. ரேடியோவைத் திருகினார், மாடிக்கு ஏறினார், இறங்கினார்.

"ஏம்ப்பா இப்படி அலையுறீங்க? பிரசவம் எனக்கா, உங்களுக்கா?" என்றாள் ரோசிலேனி.

சாயங்காலம் செய்தி வந்தது. கூட்டத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்களாம்.

"வேண்டாம்னு சொல்லலையேம்மா! இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்கோ."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். அவரும் பின்னாலேயே போனார். ஒரு கம்பியைப் பிடித்து உலுக்கினாள். துரு பொருக்குப் பொருக்காக அவள் கையில் உதிர்ந்தது.

"அங்க வருஷா வருஷம் பூசுறீங்க. இங்க ஒரு தடவை பூசியிருக்கக் கூடாதாப்பா?"

"நாளைக்கே கட்டப்போறோம், எதுக்குப் பூசணும்னு விட்டுட்டேன்மா."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவருக்கே உறைத்தது. அவமானமாக இருந்தது.

ஞாயிறன்று பஸ் நிலையத்தில் "போகாதே" என்று சொல்ல வாயெடுத்தார். எந்த முகத்தோடு சொல்வது? பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டார்.

திங்களன்று உலைத் தளத்தில் கூட்டாளி ஜுராந்தீர் முதுகில் தட்டினான். "கவலைப்படாதே மச்சான், அடுத்த மாசம் கட்டாயம் முடிவு சொல்லிடுவாங்க!"

"அடுத்த மாசத்துக்குள்ள என் பேரப்புள்ள பொறந்துடும்டா. அவங்க முடிவு சொல்லட்டும்னு அது வயித்துக்குள்ளயே உக்காந்திருக்காது."

வால்டெசீர் தூரிகையை வர்ண டப்பாவில் முக்கினார். பூச வேண்டிய கம்பிகள் நிறைய இருந்தன.