லப்டொப்புக்கு ராகுகாலம் பார்த்த கதை

எங்கள் லப்டொப்புக்கு வயது பதினொன்று. ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு, குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தால் அந்த எழுத்து திரையில் வந்திருக்கும். சில நாட்களில் அதுவும் வராது. அந்தச் சனியனில்தான் என் வாழ்க்கையின் முதல் நாடகத்தை எழுதி முடித்தேன், ஐம்பத்துநான்கு வயதில். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

எங்கள் பழைய மாணவியர் சங்கம் ஆண்டு விழாவுக்கு வருடாவருடம் ஒரு சரித்திர நாடகம் போடும். அட்டை வாள், அட்டைக் கிரீடம், அதே அரசன், அதே அழுகை. இந்த முறை கூட்டத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "சிரிக்கக்கூடியதா ஒண்டு போடுவமே, நான் எழுதிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டேன். சங்கத்தின் தலைவி அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அவர் சிரித்து நான் கண்டதில்லை.

"எழுதும். போயா அண்டு அஞ்சு மணிக்கு உம்மடை வீட்டை வந்து கேக்கிறம். சிரிப்பு வராட்டி அரசன்தான்."

கதை இதுதான்: வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களோடு ஒரு மாமியும் மாட்டிக்கொள்கிறார். மாமி எல்லோரையும் அதட்டுவார், நின்றுபோன லிஃப்டையும் அதட்டுவார். மறைப்பானேன், அந்த மாமி தலைவி அக்காவேதான். நடை, பேச்சு, "ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கு" என்ற வசனம் எல்லாவற்றையும் அப்படியே இறக்கியிருந்தேன். எழுதும்போது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். எழுதி முடித்த பிறகுதான் அதை அவருக்கு முன்னாலேயே வாசிக்க வேண்டும் என்பது உறைத்தது.

பௌர்ணமி விடுமுறையான போயா அன்று காலை நாடகத்தைத் திறக்கப் போனால் லப்டொப் தானாக நின்றுவிடுகிறது. மூன்று தரம் திறந்தேன், மூன்று தரமும் நின்றது. என் கணவர் இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் போலக் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். சோறு அவிக்கும் குக்கரை ஒருமுறை திருத்திய நாளிலிருந்து அவர் தன்னை எஞ்சினியர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"இஞ்சேரப்பா, பழைய சிஸ்டத்தை முழுக்க அழிச்சுப்போட்டுப் புதுசாப் போட்டால் குதிரை மாதிரி ஓடும். ஒஃபிஸிலை பென் ட்ரைவிலை ஏத்திக்கொண்டு வந்து வச்சிருக்கிறன்."

"நாடகம்?"

"எல்லாத்தையும் முதல் கொப்பி பண்ணுவம்."

இடையிடையே நின்று நின்று கொப்பி நடந்தது. நாடகம், படங்கள், எங்கள் இரண்டு பேரின் சாதகம், எப்போதோ கட்டிய கரண்ட் பில் எல்லாம் இன்னொரு பென் ட்ரைவுக்குப் போயின. ஒன்று இருபத்தைந்துக்கு எல்லாம் தயார். மனிசன் நாட்காட்டியைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை. ஒண்டரையிலை இருந்து மூண்டு மட்டும் ராகுகாலம்."

"கொம்பியூட்டருக்கும் ராகுவோ? உங்களுக்கென்ன விசரே?"

"அழிக்கிற வேலையப்பா. ராகுகாலத்திலை அழிச்சால் அழிஞ்சது அழிஞ்சதுதான்."

"அழிக்கத்தானே போறீங்கள்!"

அவர் அசையவில்லை. ஃபேனுக்குக் கீழே படுத்து வாயைத் திறந்துகொண்டு நித்திரையும் கொண்டார். நான் ஹோலுக்கும் பல்கனிக்கும் நடந்து நடந்து அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். சரியாக மூன்று மணிக்கு எழுந்து முகம் கழுவி, திருநீறு பூசி, லப்டொப்புக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று திரை கேட்டது.

"நீர் அமத்தும். உம்மடை கைராசி."

விசையை அமத்தினேன். அடுத்த கணமே, ஊஞ்சல் உயரப் போகும்போது வருமே, அப்படி ஒரு குஷி. எத்தனை வீதம் ஏறிவிட்டது என்பதை இரண்டு பேரும் கிரிக்கெட் ஸ்கோர் போலக் கத்திக் கத்திச் சொன்னோம். நேரத்துக்கு ஊரைத் தெரிவுசெய்யச் சொன்னபோது பட்டியலில் கொழும்பைக் காணவில்லை என்று அவர் பதறினார். ஸ்ரீ ஜெயவர்த்தனபுரவைக் கண்டுபிடித்ததும் சொந்தக்காரரைக் கண்டவர் போலச் சிரித்தார். நாலரைக்கு லப்டொப் அரை நிமிடத்தில் திறந்தது! என் கையைப் பிடித்து ஹோலில் ஒரு சுற்றுச் சுற்றினார். இருபத்தாறு வருடக் கலியாணத்தில் நாங்கள் ஆடிய முதல் ஆட்டம் அதுதான்.

பிறகு நாடகத்தைத் திறந்தேன்.

திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். அரைப்புள்ளிகள், அடைப்புக்குறிகள், பொருளில்லாத குப்பை. ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ஐம்பது பக்கமும் அப்படியே. வை-ஃபையும் வேலை செய்யவில்லை.

"பழுதாப் போச்சு," என்றார். முகம் வெளுத்துவிட்டது. "சுவர் மணிக்கூடு கொஞ்சம் முந்தி ஓடுதோ? ராகுகாலம் முடியேல்லையோ?"

"வாயை மூடுங்கோ!"

நாலு ஐம்பது. அட்டைக் கிரீடத்தோடு அந்த அரசன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் மேசையில் விரல்களை வைத்தபடி முதல் வரியைப் பார்த்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். வலது கை விரல்கள் தாமாகவே மேசையைத் தட்டின. அம்மா.

அட கோதாரி! பாமினி!

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடம் கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் தட்டியவள் நான். அங்கே பழகிய பாமினி எழுத்துருவில்தான் இன்றைக்கும் தட்டுகிறேன். அதில் லப்டொப்புக்குள் இருப்பது வெறும் ஆங்கில எழுத்து. எழுத்துரு அதற்கு மேலே தமிழ் முகம் போட்டுவிடும், அவ்வளவுதான். கரண்ட் பில்லைக்கூடக் கொப்பி பண்ணிய நாங்கள் பாமினியை மறந்துவிட்டோம். பழைய சிஸ்டத்தோடு அதையும் என் கைராசியால் நானே அழித்திருந்தேன்.

காலி வீதியில் பாமினி எழுத்துரு கிடைக்கும் கடை போயாவுக்குப் பூட்டு. யோசிப்பதற்குள் வாசல் மணி அடித்தது. தலைவி அக்காவும் செயற்குழுவில் நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"எங்கை, பிரிண்ட் எடுத்து வைக்கேல்லையோ?"

"இல்லை அக்கா. இதிலை பார்த்து வாசிக்கிறன்."

நனைந்த பிறகு முக்காடு எதற்கு? லப்டொப்பை மடியில் வைத்தேன். ஆங்கிலக் குப்பையைக் கண் பார்த்தது, விரல்கள் ஓரத்தில் தட்டின, வாய் தமிழில் சொன்னது. எழுதியவளும் நான்தானே, ஓர் எழுத்துப் பிடிபட்டால் சொல் முழுவதும் ஓடி வந்தது. இரண்டாம் பக்கத்தில் வேகம் பிடித்தேன். மூன்றாம் பக்கத்தில் எனக்குப் பறப்பது போல இருந்தது. கணவர் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் வாயைப் பிளந்து நின்றார். கண்ணை எடுத்தால் வரி தவறிவிடும், அதனால் யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. எண்ணினேன். நாலு சிரிப்பு. ஐந்தாவதைக் காணோம்.

மாமி லிஃப்டை அதட்டும் இடம் வந்தது. "ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கு!" என்று வாசித்தேன். நாலு சிரிப்பும் சட்டென்று நின்றன. எல்லோருக்கும் விளங்கிவிட்டது. போச்சு, என்று நினைத்துக்கொண்டு நானும் நிறுத்தினேன்.

மெதுவாகத் தலையை நிமிர்த்தினேன். தலைவி அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்து கிடந்தது.

"ஏன் நிப்பாட்டினனீர்?" கண்ணைத் துடைத்தபடி கத்தினார். "வாசியும், பிள்ளை, வாசியும்!"

அதன் பிறகு நான் வாசித்தேனா பாடினேனா என்று எனக்கே தெரியாது. முடிந்தபோது அரசனைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

மற்றவர்கள் படியிறங்கிவிட்டார்கள். தலைவி அக்கா மட்டும் வாசலில் நின்று செருப்பை மாட்டினார்.

"அந்த மாமி நான்தானே?"

"அக்கா... அது வந்து..."

"நான் லிஃப்டுக்குள்ளை உப்பிடி எடுத்த உடனை கத்தமாட்டன். முதல் குடையாலை கதவிலை ரெண்டு தட்டுத் தட்டுவன், பிறகுதான் கத்துவன். அதையும் எழுதிச் சேரும்." இரண்டு படி இறங்கித் திரும்பினார். "வேசத்தை வேறை ஆருக்கும் குடுத்துப்போடாதையும்."