க்ரீம் போடாத பாஸ்தா

அந்தப் பாஸ்தாவைச் செய்தது எங்கள் அம்மா. மற்றதைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். ஓசூரில் ஒரு பந்தல் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, மைக்குக்கு முன்னால் நின்று நான் இதைத்தான் சொன்னேன். இல்லை என்று மறுத்தது வேறு யாருமில்லை, அம்மாவேதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் தங்கையான என் அத்தை, பாகலூர் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தாள். மாமா ஒரு பெரிய தொழிற்சாலையில் அதிகாரி. நாங்கள் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா லேத் பட்டறையில் வேலை செய்தார். அம்மா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவுக்கு ஷிப்டு மாற்றி ஷிப்டு போய்வந்தாள்.

மாமா என்றால் எனக்கு உயிர். காரில் பெங்களூருக்கு அழைத்துப் போய், மாலில் ஒயிட் சாஸ் பாஸ்தா என்ற ஒன்றை முதன்முதலில் என் வாயில் வைத்தவர் அவர். வெண்ணெயும் க்ரீமும் சீஸுமாக அது தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு போனபோது, இத்தனை நாள் ரவை உப்புமா கொடுத்து வளர்த்த என் பெற்றோர் மீது எனக்குக் கோபமே வந்தது. அத்தைக்கும் அதுதான் பிடித்த சாப்பாடு. கல்யாணமான புதிதில் மாமா முதலில் வாங்கித் தந்ததே அதுதானாம்.

மாமா இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது. பெரும்பாலும் அத்தையை வைத்துத்தான் சிரிப்பு. அத்தை கொஞ்சம் பருமன். "இவளுக்கு மட்டும் ஒரு பிளேட் தண்ணி குடுப்பா. அதுலயே ஒரு கிலோ ஏறிடுவா" என்பார் சர்வரிடம். சர்வர் சிரிப்பார், பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள், நான் புரையேறும்வரை சிரிப்பேன். அத்தையும் சிரிப்பாள்.

ஒருநாள் டாக்டர் அத்தையை எடை குறைக்கச் சொல்லிவிட்டார். அதோடு மாமா வீட்டில் க்ரீமுக்கும் வெண்ணெய்க்கும் தடை போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை பேருந்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

"அண்ணி, க்ரீம் போடாம அதே மாதிரி பண்ண முடியுமா?"

அம்மா அதுவரை பாஸ்தாவை வாயில் வைத்ததுகூட இல்லை. "எப்பிடி இருக்கும்னு சொல்லு கண்ணு, பாத்துக்கலாம்" என்றாள்.

அன்று தொடங்கியது என்னைப் பிடித்த சனி. முதல் வாரம் தயிர் ஊற்றிச் செய்தார்கள். அது திரிந்து, சுண்ணாம்பு அடித்த சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது போல வந்தது. அடுத்த வாரம் ஆடை எடுத்த பாலில் மைதாவைக் கரைத்தார்கள். போஸ்டர் ஒட்டலாம், சாப்பிட முடியாது. பிறகு உருளைக்கிழங்கு, அதற்குப் பிறகு ஓட்ஸ். தோற்றுப்போன பாஸ்தாவையெல்லாம் யார் தின்றது? நான். அத்தைக்கு எடை கூடக் கூடாது, அம்மாவுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிடும், அப்பா தட்டைப் பார்த்ததுமே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். வீணாக்கக் கூடாது என்ற சட்டம் எனக்கு மட்டும்தான் இருந்தது.

ஐந்தாவது ஞாயிறு அம்மா உழவர் சந்தையிலிருந்து ஒரு காலிஃப்ளவரோடு வந்தாள். அதைப் பூண்டோடு பாலில் வேகவைத்து, மிக்ஸியில் வெண்ணெய் மாதிரி அரைத்து, மிளகைத் தட்டிப் போட்டு, ஒரே ஒரு சீஸ் துண்டைக் கிள்ளிச் சேர்த்தாள். கோதுமைப் பாஸ்தாவை அதில் பிரட்டி என் தட்டில் வைத்தார்கள். நான் தட்டை வழித்துத் தின்று முடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டேன். அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

கண்டுபிடித்த பிறகும் அத்தை வருவது நிற்கவில்லை. இருவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள், உள்ளே மிக்ஸி ஓடும். ஒரு காலிஃப்ளவரை அரைக்க அரைமணி நேரமா என்று கூடத்தில் டிவி சத்தம் கேட்காமல் நான் எரிச்சல்படுவேன். வெளியே வரும்போது அத்தையின் கண்கள் சிவந்திருக்கும். பூண்டு உரித்தாள் என்று அம்மா சொன்னதை நம்பினேன்.

அந்த ஆண்டு மாமாவின் தொழிற்சாலையில் குடும்ப விழா. ஊழியர்களின் மனைவிகளுக்கு எண்ணெய் குறைந்த சமையல் போட்டி. எங்களையும் அழைத்திருந்தார்கள். அப்பாவுக்குப் பட்டறையில் வேலை இருந்ததால் நானும் அம்மாவும் போனோம். பெரிய ஷாமியானா, வரிசையாக மேசைகள், தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று எல்லா மொழியிலும் உப்பு சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் மேசையில் எங்கள் காலிஃப்ளவர் பாஸ்தா. பக்கத்தில் ஓர் அட்டையில் அத்தையின் பெயர் மட்டும்.

எனக்கு அங்கேயே வயிறு எரிந்தது. "உம் பேரு எங்கம்மா?" என்றேன்.

"சும்மா இருடி."

முதல் பரிசு அத்தைக்கு. மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பெரிய பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். மைக் பிடித்திருந்த பெண், "இந்த ஐடியா எப்பிடி மேடம் வந்துச்சு?" என்று கேட்டாள். அத்தை ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தாள். மேடைக்கு அருகே மாமா தன் நண்பர்களோடு நின்றிருந்தார்.

"நானா யோசிச்சு பண்ணினேங்க" என்றாள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தின்ற தயிரும் மைதாவும் எனக்குள் பொங்கி வந்தன. எப்படி மேடைக்குப் போனேன் என்று நினைவில்லை. அந்தப் பெண் ஏதோ வாழ்த்துச் சொல்ல வந்த குழந்தை என்று நினைத்து மைக்கை என் பக்கம் தாழ்த்தினாள்.

"பொய்! அது எங்கம்மா கண்டுபிடிச்சது. அத்தைக்கு ஒண்ணும் தெரியாது!"

ஸ்பீக்கர் என் குரலைப் பந்தலின் மூலைவரைக்கும் கொண்டு போனது. முதலில் சிரித்தவர் மாமா. "அதானே பாத்தேன்! ரசமே ஒழுங்கா வெக்கத் தெரியாது, இவளுக்கு ஏது இந்த மூளை? உடம்புல ஏறுனதுல கால்வாசி தலையில ஏறியிருந்தா..." அவர் முடிப்பதற்குள் நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். பந்தலே சிரித்தது. இந்த முறை அத்தை சிரிக்கவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அம்மா மேடைக்கு வந்தாள். நியாயம் கேட்க வருகிறாள் என்று நான் நிமிர்ந்து நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மைக்கில் பேசினாள். "தப்பா எடுத்துக்காதீங்க, சின்னப் புள்ள. எங்க வீட்டுக்கு வந்து அவங்கதான் செஞ்சு காட்டுவாங்க. நான் காயி நறுக்கிக் குடுப்பேன், அவ்ளோதான். எனக்கு இந்தப் பேரே வாயில நுழையாதுங்க."

கம்பெனியில் தினமும் ஆங்கிலத்தில் குறிப்பெழுதும் அம்மா அப்படிச் சொன்னாள். மாமாவைப் பார்த்து இன்னொன்றும் சொன்னாள். "அண்ணா, எந்தங்கச்சிக்கு உங்களவிட மூளை ஜாஸ்தி. நீங்கதான் பாக்கல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் என் மணிக்கட்டை வலிக்கும்படி இறுக்கினாள். அந்தக் கோபம் என் மேல்தான் என்று நினைத்தேன்.

மேடையை விட்டு இறங்கியதும் கையை உதறிக்கொண்டு ஓடினேன். மாமாதான் என்னைத் தேடி வந்தார். "நீ ஒருத்திதான்டா தைரியசாலி. உண்மையச் சொன்ன பாரு" என்று முதுகில் தட்டி, கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்து, அடுத்த மாதம் பெங்களூருக்கு அழைத்துப்போய் அசல் க்ரீம் பாஸ்தா வாங்கித் தருவதாக வாக்களித்தார். அந்தப் பந்தலில் என் பக்கம் நின்ற ஒரே மனிதர் அவர்தான் என்று நம்பி, ஐஸை நக்கிக்கொண்டே அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அத்தகிட்ட மன்னிப்பு கேக்கணும்" என்றாள். நான் கேட்க மாட்டேன் என்றேன். பொய் சொன்னவர்கள் இரண்டு பேர், மன்னிப்புக் கேட்பது நானா? அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் சாப்பிடவில்லை. மறுநாள் மதியம் சாப்பிட்டேன், ஆனால் பேசவில்லை. அத்தையும் அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, பள்ளி விட்டு வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பெரிய பைகள் இருந்தன. உள்ளே அத்தை உட்கார்ந்திருந்தாள். அம்மா ஷிப்டுக்குப் போகாமல் அவள் பக்கத்தில் இருந்தாள். அப்பாவும் வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். இனி அத்தை இங்கேதான் இருப்பாள் என்றார்கள். என் கட்டிலில் பாதியும் அலமாரியில் ஒரு தட்டும் அன்றைக்கே பறிபோயின.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. "மாமா எப்ப வருவாரு?" என்று கேட்டேன். "என்னைய பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரே?"

"அவரு வரமாட்டாரு கண்ணு" என்றாள் அத்தை.

குடும்பத்தில் எங்களைச் சிரிக்கவைத்த ஒரே மனிதரை இவள் என்னவோ சொல்லி விரட்டிவிட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "நீங்க பொய் சொன்னீங்கல்ல, அதான் மாமா கோவிச்சுக்கிட்டாரு" என்றேன்.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்து வெளியே போனார். வாசலில் நின்று முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அப்பாவுக்கும் என்னைப் போலவே அத்தை மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். இந்த வீட்டில் என்னைப் புரிந்துகொள்ள ஓர் ஆளாவது இருக்கிறாரே என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.