கழுவாமல் விட்ட டீசல் தாங்கி

கொட்டாஞ்சேனை ஷெல்டனுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆழ்கடலுக்குப் போகும் மீன்பிடிப் படகுகளின் டீசல் எஞ்சின்களைத் திருத்துவதுதான் தொழில். புகையின் நிறத்தைப் பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார்.

போன ஜூலையில் ஒரு மத்தியானம், தம்பி ஜெனிஸ்டனின் மனைவி சாமினி போனைப் பிடித்தபடி அவருடைய பட்டறைக்கு ஓடி வந்தாள். ஜெனிஸ்டனும் இன்னும் ஐந்து பேரும் கடலிலிருந்து திரும்புகிற வழியில், கரை தெரிகிற தூரத்தில் எஞ்சின் நின்றுவிட்டதாம். காற்று படகைக் கற்பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரம் பிடிக்கவில்லை. உதவிப் படகு வர ஒரு மணித்தியாலமாவது ஆகும். பாறையில் மோத அவ்வளவு நேரம் ஆகாது.

"அண்ணன், ஸ்டார்ட் அடிச்சா சுத்துது. பத்துதில்லை!" என்று போனில் ஜெனிஸ்டன் கத்தினான்.

"புகை வருதா?"

"துளியும் இல்லை."

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்றில் டீசல் தெளித்தால்தான் பற்றும். சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை.

"இனி ஸ்டார்ட் அடிக்காதே, பெற்றரி செத்துப்போகும். பில்டரைக் கழற்று."

அலைச் சத்தத்துக்குள் யாரோ செபம் சொல்வது கேட்டது.

"உள்ளுக்கு ஒரே கறுப்புச் சேறு அண்ணன். தண்ணியும் கிடக்கு."

பத்து நாளைக்கு முன் அந்த எஞ்சினைப் பார்த்தவர் ஷெல்டன்தான். பில்டர் புதிதாகப் போட்டார், டீசல் தாங்கியைக் கழுவவில்லை. படகுக்காரர் அவசரப்படுத்த, அடுத்த பயணத்துக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். இப்போது பெரிய அலை தாங்கியின் அடியில் கிடந்த அழுக்கையெல்லாம் கலக்கிவிட்டிருந்தது.

"ஏன் அண்ணன், என்ன நடந்தது?" என்று சாமினி அவர் தோளை உலுக்கினாள். அவர் போனில் தம்பியைக் கூப்பிட்டார்.

"மல்லி, கேன்ல நல்ல டீசல் இருக்கா? தாங்கியில இருந்து வர்ற குழாயைக் கழற்றி அதுக்குள்ள விடு. புது பில்டரைப் போட்டு, மேல இருக்கிற ஸ்குரூவைத் தளர்த்து. கைப்பம்பை அடி. காத்து வெளியேறி நுரை நிக்கிற மட்டும் அடி."

"நுரை நிக்குதில்லை!"

"அடி!"

சாமினி நிலத்தில் குந்திவிட்டாள். வெகுநேரம் கழித்து, "இப்ப டீசல் மட்டும்தான் வருது" என்றான் ஜெனிஸ்டன். ஸ்குரூவை இறுக்கி ஸ்டார்ட் அடித்தான். பற்றவில்லை. இரண்டாவது முறை எஞ்சின் மெதுவாகத்தான் சுற்றியது; பெற்றரி இறங்கிக்கொண்டிருந்தது.

"கல்லு கிட்ட வந்துட்டுது, அண்ணன்."

"இன்ஜெக்டர் குழாயிலயும் காத்து கிடக்கும், நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திப்போட்டு ஸ்டார்ட் அடி. டீசல் பீச்சினதும் இறுக்கு. பிறகு இன்னும் ஒரே ஒருக்கா ஸ்டார்ட் அடி."

அந்த ஒருமுறை எஞ்சின் இருமியது. வெள்ளைப் புகை என்று யாரோ கத்தினார்கள். பிறகு போனில் எஞ்சின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

மாலை நாலு மணிக்கு ஆறு பேரும் கரையேறினார்கள். படகின் பின்பக்கம் பாறையில் உரசிப் பிளந்திருந்தது. ஷெல்டன் தம்பியின் முன்னால் போய் நின்றார்.

"தாங்கியை நான் கழுவேல்லை மல்லி. என்ட பிழை."

ஜெனிஸ்டன் டீசல் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "பில்டரைத் திறக்கேக்கையே விளங்கிட்டுது" என்றான். சாமினி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஜெனிஸ்டன் திரும்பவும் கடலுக்குப் போனான். அந்தப் படகின் எஞ்சினை இப்போது வத்தளையிலிருந்து வேறொருவர் வந்து பார்க்கிறார்.